சென்சாரில் அப்பிய சந்தனம்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளா, இது ஒரு விஜயதசமி காலையில் நடந்தது. கஞ்சிக்கோட்டில் நான் எலக்ட்ரீஷியனாக இருந்த தகடு கம்பெனியில் பூஜை முடிந்துவிட்டது. நல்ல நேரத்துக்குள் முதல் பீஸ் அடித்தாக வேண்டும். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பெரிய பிரஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. எல்லார் கண்ணும் என் மேல்.

பார்த்த உடனே கோளாறு தெரிந்தது. பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. நடுவில் கை வந்தால் மெஷின் நின்றுவிடும். யாரோ பக்தியோடு அதன் கண்ணாடியிலேயே சந்தனத்தை அப்பியிருந்தார்கள். ஈரத்துணியை எடுத்தேன்.

“ஏனுங்க, பூசை போட்ட சந்தனத்த அப்பவே தொடைப்பீங்களா?” சூப்பர்வைசர் கந்தசாமி பாய்ந்து வந்தார். “சாமி இல்லீன்னா அத உங்க ஊட்டோட வெச்சுக்குங்க.”

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். வேறு யாராவது துணியை எடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. “அவருக்குச் சந்தனம் கண்ணுல குத்துதுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு வேறு.

“கண்ணாடி மறைஞ்சிருக்குதுங்க. தொடைக்காம ஓடாது.”

“பைபாஸ் பண்ணுங்க. ஒரு பீஸ்தான?”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்தவர் நம்பிக்கையை மதிக்காதவன் என்ற பேர் வந்துவிடுமோ என்று பயந்தேன். பேனலைத் திறந்து, சென்சாரைத் தாண்டி ஒரு வயரை இழுத்துக் கொடுத்தேன். வெட்கக்கேடு!

ஆப்பரேட்டர் செல்வி தகட்டை வைத்துப் பெடலை மிதித்தாள். அதே நேரம் மேலே கட்டியிருந்த மாலை அவிழ்ந்து உள்ளே சரிந்தது. சாமி மாலை நசுங்கிவிடக் கூடாதென்று கையை நீட்டிவிட்டாள். நான் ஓடிப்போய் எமர்ஜென்சி சுவிட்சை அடிப்பதற்குள் ஒரு விரலின் நுனி போய்விட்டது.

மூன்று நாள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்குமாக அலைந்தேனே தவிர, உள்ளே போகத் தைரியம் வரவில்லை. நான்காம் நாள் போனேன்.

“அந்த வயரப் போட்டது நாந்தான் செல்வி.”

“தெரியுமுங்கண்ணா.” கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். “சாமி பாத்துக்கும்னு நாங்க கைய நீட்டிருவோமுங்க. பாத்துக்காதுன்னு தெரிஞ்ச ஆளு அங்க நீங்க ஒருத்தர்தான இருந்தீங்க?”

சாமி இல்லை என்று சொல்ல எனக்கு என்றைக்குமே பயம் இருந்ததில்லை, தம்பிகளா. அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது ‘முடியாது’ என்ற ஒரே வார்த்தை.