மயக்கம் என்று எழுதிய அட்டை

மாலை ஐந்து மணிக்குக் கண்ணைத் திறந்தேன். முதலில் தெரிந்தது, உத்தரத்தில் தொங்கிய தராசுக் கொக்கி. திருச்சி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு காலி வெங்காயக் கிடங்கின் மாடியில் படுத்திருந்தேன். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘மயக்கம்’ என்று எழுதியிருந்தது.

அது யுத்த காலம். குண்டு விழுந்தால் தீயணைக்கவும் ஆட்களைத் தூக்கி வரவும் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அடிபட்டவர்களாக நடிக்க ஆள் தேவைப்பட்டது, நான் போனேன். இந்த ஊருக்கு வந்து மூன்று மாதமாகியும் நான் வேலை பார்த்த அச்சாபீசில் என்னைப் ‘புது ஆள்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆள் கிடையாது.

“தூக்குற வரைக்கும் அசையக் கூடாது, சத்தமும் போடக் கூடாது” என்று பயிற்சி அதிகாரி சொல்லியிருந்தார். கீழே மற்றவர்களைத் தூக்கிப் போனார்கள். விசில் ஊதினார்கள், கைதட்டினார்கள். லாரி கிளம்பிவிட்டது.

எழுந்து போயிருக்கலாம். யாருக்காவது என் ஞாபகம் வருமா என்று பார்க்கவே படுத்துக் கிடந்தேன்.

கொக்கி தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகு படியில் காலடி கேட்டது. தொண்டர்களில் ஒருவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், மறந்துபோன மணல் வாளியை எடுக்க அரிக்கேன் விளக்கோடு வந்திருந்தார்.

“அடப்பாவமே! உங்களை விட்டுட்டுப் போயிட்டாங்களா? எந்திரிச்சு வரக் கூடாதா நீங்க?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சிரித்தார்.

“சரிதான், பரீட்சை இன்னும் முடியல போலிருக்கு.”

விளக்கைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டார். கற்றுக்கொடுத்த முறைப்படி தோளைத் தட்டி, காதருகே குனிந்து கேட்டார்:

“ஐயா, உங்க பேர் என்னங்க?”

மயங்கிக் கிடப்பவன் பதில் சொல்லக் கூடாது. நான் என் பெயரைச் சொன்னேன்.