அண்டார்டிக்கா போய் வந்தவரின் ஜக்கெற்

மெல்பேர்ணில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு வருடம் அண்டார்டிக்காவில் ஜெனரேற்றர் திருத்திவிட்டு வந்தவர். நல்ல உயரம், தேக்குமரம் போலத் தோள். எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும், "கடல் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்.

இங்கே நடுக்குளிர்காலமான ஆடி மாதக் காலை ஒன்றில் சாமி தூக்க ஒரு தோள் குறைந்தது. மேற்சட்டையைக் கழற்றினால்தான் தூக்கலாம். தென்துருவக் குளிரைக் கண்டவருக்கு இது எம்மாத்திரம் என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவரோ ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.

"நான் இருந்தது கரையில, தம்பி. அங்க கடல் கொஞ்சம் சூடு தரும். உள்ளுக்குப் போனாத்தான் ஆளை விறைக்கப்பண்ணும்."

"அண்ணை, இது மெல்பேர்ண்!"

"ஓம். ஆனா இது மலையடிவாரம். இஞ்ச கடல் எங்க கிடக்கு, காட்டும் பாப்பம்?"

எட்டிப் பார்த்தேன்; மலைதான் தெரிந்தது. வெறும் மேலோடு நின்ற ஐயர் இப்போது என்னைப் பார்த்தார். என் ஜக்கெற்றைக் கழற்றி அண்ணையிடமே கொடுத்துவிட்டுச் சாமிக்குத் தோள் கொடுத்தேன்.

வீதி சுற்றி, பற்கள் கிடுகிடுக்கத் திரும்பி வந்தபோது, தன்னுடையதற்கு மேலே என்னுடையதையும் போட்டுக்கொண்டு அவர் "அரோகரா" என்றார். அந்தத் தேக்குத் தோளுக்கு ஒல்லியான என்னுடைய ஜக்கெற் எப்படி அளவாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.