புளி போட்டு மினுக்கிய ரவைகள்

என் அத்தானிடம், அதாவது அக்காவின் கணவரிடம், ஒரு சின்ன ரைபிள் இருந்தது. அதற்கு அரசாங்கக் கச்சேரி கொடுத்த அனுமதிப்பத்திரமும் இருந்தது. அதற்குரிய தோட்டாக்களை, எங்கள் பேச்சில் ரவைகளை, வீட்டில் எங்கே, எப்படி வைப்பது என்ற அறிவு மட்டும் இருக்கவில்லை. அந்தக் குறையை அவர் ஒருநாளாவது உணர்ந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, தன் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து முறைப்படி கைமாறி வந்த துவக்கு அது. வந்த ஆண்டை அத்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகச் சொல்வார். ஆண்டு அனுமதிப்பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அதை எடுத்துப் பார்க்கும் சிரமத்தை அவர் மேற்கொண்டதில்லை. நான் இங்கே எழுதுவது அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழியில் நடந்தது. அப்போது நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன்.

அத்தானுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் உத்தியோகம். கிண்ணியாப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. வயலில் பன்றி இறங்குகிறது என்று எழுதிக் கொடுத்துத்தான் துவக்கு வைத்திருக்க அனுமதி வாங்கினார். அந்தப் பக்கத்துப் பன்றிகள் எல்லாம் நன்றாக வாழ்ந்து, முதுமையடைந்து, தம் விருப்பப்படியே செத்தன. அவரால் ஒன்றுக்கும் கீறல்கூட விழவில்லை.

முன்கூடத்தில், அக்காவின் பிள்ளைகள் இரவில் படுக்கும் இடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்று நின்றது. மேல்தட்டில், வெள்ளைக்காரரின் சாமான்களை ஏலம் போட்டபோது வாங்கிய பீங்கான் கோப்பைகள். அவற்றுக்கு முன்னால், பெட்டியிலிருந்து எடுத்து, வரிசை வரிசையாக நிமிர்த்தி வைத்த ரவைகள். மட்டைப் பெட்டிக்குள் இருந்தால் வருகிறவர்களுக்குத் தெரியாது என்பதால் பெட்டிகளை எறிந்துவிட்டார். அலுமாரித் திறப்பு எப்போதும் கதவின் பூட்டிலேயே செருகியபடி தொங்கும். கழற்றினால் தொலைந்துவிடுமாம். அலுமாரிக்கு நேர் மேலே, இரண்டு ஆணியில் துவக்கு. நின்ற இடத்தில் நின்றபடி ஒருவன் ஒரு கையால் துவக்கையும் மறு கையால் ரவையையும் எடுக்கலாம். இப்படியொரு வசதியை ஒரு திருடனுக்குச் செய்துகொடுக்க வேண்டுமென்று யாராவது திட்டமிட்டாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது.

நான் வாசித்ததை வைத்து ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அத்தான், துவக்கு ஒரு இடம், ரவை வேறை இடம். ரண்டும் பூட்டுக்குள்ளை இருக்கவேணும். திறப்பு உங்கட கையிலை இருக்கவேணும்."

"மச்சான், நீ புத்தகம் பிடிச்சவன். நான் துவக்குப் பிடிச்சவன்."

"பிடிச்சு என்னத்தைச் சுட்டனீங்கள்?"

அக்கா குசினிக்குள் அடுப்படியில் இருந்து பதில் சொன்னா. "எங்கட வயல் வேலியை. ரண்டு தரம்."

அத்தான் சிரித்தார். தன்னைப் பற்றிய பகிடியைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளும் பாக்கியம் சிலருக்கு உண்டு.

அந்த மார்கழியில் மழை விடாமல் பெய்தது. கடற்காற்று உப்போடு வீட்டுக்குள் வந்து, அலுமாரிக்குள் நின்ற பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு பிடித்தது. அதே கிழமை எங்கள் கோயிலின் மெழுகுதிரித் தண்டுகளை கிறிஸ்து பிறந்த நத்தாருக்காக மினுக்கும் முறை அக்காவுக்கு வந்தது. கிணற்றடியில் குந்தியிருந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தா. அத்தான் ஒரு தட்டு நிறைய ரவைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"இதையும் ஒருக்கால் தேய்ச்சு விடும்."

"உது வெடிக்கிற சாமான். நான் தொடமாட்டன்."

"பித்தளைதானே. திரித்தண்டுக்கு ஒரு பித்தளை, ரவைக்கு வேறை பித்தளையோ?"

அந்தச் சின்ன ரவையில் பொறி பற்றும் மருந்து அடி விளிம்புக்குள் இருக்கிறது. அதைத் தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேய்ப்பது எவ்வளவு மடத்தனம் என்றும், புளித்தண்ணீர் உள்ளே ஊறினால் பிறகு அது எப்போது வெடிக்கும், வெடிக்காது என்று யாருக்கும் தெரியாமல் போகும் என்றும், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும் என்றும் நான் சொன்னேன். அத்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே குந்தியிருந்து தேய்த்தார். மினுங்கின. அவருக்கு மினுக்கம் போதும்.

மழை சற்று வெளித்தது. வெயில் விழுந்த இடம் குசினி வாசல் ஒன்றுதான். அங்கே அக்கா தேங்காய்ச் சிரட்டைகளை ஓர் ஓலைக் கடகத்தில் அடுக்கி வைத்திருந்தா. விறகெல்லாம் நனைந்து கிடந்த அந்த நாட்களில், வீட்டில் காய்ந்திருந்த எரிபொருள் அது மட்டும்தான். அத்தான் ரவைகளைச் சுளகில் பரப்பி, மிளகாய் காயவைப்பதுபோல, அந்தக் கடகத்தின் மேலேயே வைத்தார். வைத்துவிட்டு முன்னுக்குப் போய்ப் பேப்பர் வாசித்தார். திரும்ப மழை பிடித்தது. ஓடிவந்து சுளகைச் சரித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

அலுமாரியில் திரும்ப அடுக்கியபோது முன்வரிசையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. ஒரு ரவையைக் காணவில்லை.

குசினியில் அக்கா கொக்கிசுப் பலகாரத்துக்கு மா கரைத்து வைத்திருந்தா. தாச்சியில் எண்ணெய். அடுப்புக்குள் வைக்கச் சிரட்டையில் கை போட்டவ, அப்படியே கையை எடுத்தா.

"இதுக்குள்ளை விழுந்திருந்தா?"

"அங்கை எங்கையும் முத்தத்து மணலுக்குள்ளை போயிருக்கும். நீர் சும்மா மூட்டும்."

"அப்ப நீங்கள் மூட்டுங்கோ. நான் தள்ளி நிக்கிறன்."

அத்தான் நெருப்புப் பெட்டியை எடுத்தார். காதருகே ஆட்டிப் பார்த்தார். குச்சி நமுத்துப் போயிற்று என்றார். நான் என் பெட்டியைக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தார். சிரட்டையைப் பார்த்தார். குனிந்தால் இடுப்பு நாரி பிடிக்கும் என்று சொன்னார்.

"மச்சான், நீ ஒருக்கால் மூட்டன்."

"நான் புத்தகம் பிடிச்சவன், அத்தான்."

அடுப்பில் விழுந்த ரவை, துவக்கிலிருந்து போவதுபோல நேராகப் பாய்ந்து போகாது. ஆனால் தோட்டா வெடித்துப் பித்தளைச் சில்லுகள் பறக்கும். அடுப்படியில் குனிந்து ஊதுகிற ஆளின் கண்ணைப் பறிக்க அது போதும். அத்தானுக்கு இது தெரியாது. தெரியாமலே பயந்தார். அந்தளவில் அவருடைய பயம் அவரைவிட அறிவுள்ளது.

ரவை காணாமற்போனதைப் பொலிசில் சொல்லவேண்டும் என்றேன். அனுமதிப்பத்திரம் போய்விடும் என்று பதறினார். நெருப்புக்குப் பயம், பொலிசுக்குப் பயம். கண்ணாடிக்குள் வெடிமருந்தை அடுக்கிவைத்து, அதன் முன்னால் பிள்ளைகளைப் படுக்கவைக்க மட்டும் பயமில்லை.

அக்கா ஒரு சாக்கை விரித்துக் கடகத்தைக் கவிழ்த்தா. ஒவ்வொரு சிரட்டையாக எடுத்துத் தட்டிப் பார்த்தா. நானும் இருந்து தட்டினேன். அத்தான் கூடத்து வாசற்படியில் எட்ட நின்றபடி, மெதுவாகத் தட்டுங்கோ, இந்தப் பக்கம் திருப்புங்கோ என்று எங்களுக்குப் புத்தி சொன்னார். ஒன்றுக்குள் ஒன்று இறுகியிருந்த இரண்டு சிரட்டைகளைப் பிரித்தபோது, தும்புக்கு நடுவே அது மினுங்கிக்கொண்டு கிடந்தது. நன்றாகத்தான் மினுக்கியிருந்தார்.

"நான் சொன்னனான்தானே, உதுக்குள்ளை கிடக்குமெண்டு," என்று கையை நீட்டினார்.

அக்கா அதை அவர் கையில் கொடுக்கவில்லை. ஒரு பீங்கான் தட்டில் வைத்துச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தா.

"இதுகளுக்கெல்லாம் ஒரு பூட்டுப் போட்ட பெட்டி வரட்டும். அதுவரைக்கும் இந்த வீட்டிலை அடுப்பு எரியாது."

"நத்தார் வருகுது. என்ன கதை இது?"

"வரட்டும். ஏலாதெண்டா ஏலாதுதான்."

அன்றைக்கு இரவு கடையில் வாங்கிய பாண் ரொட்டியும் சீனியும். அடுத்த நாள் காலையிலும் பாணும் சீனியும். கரைத்த மா புளித்து, அதைக் கொட்டவேண்டியதாயிற்று. சட்டத்துக்கும் புத்தகத்துக்கும் அசையாத மனிதர், தேத்தண்ணி இல்லாத ஒரு காலைக்கு அசைந்தார். மத்தியானத்துக்குள் இரும்புப் பெட்டியும் நல்ல பூட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டியை அடுப்பிலிருந்து தள்ளி, ஈரம் ஏறாத உள்ளறைச் சுவரில் இறுக்கினோம். துவக்கு வேறோர் அறையில், மர அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. புளியில் குளித்த ரவைகளை வைத்திருக்கக்கூடாது, பொலிசில் ஒப்படைக்கவேண்டும் என்று நான் சொன்னதற்கு, வீணாய்ப் போகுமே என்று இழுத்தார். அக்கா அடுப்பைக் காட்டினா. அவர் போனார். பழசாய்ப் போயிற்று என்று அங்கே சொன்னாராம். புளியைப் பற்றிச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் அக்கா புதிதாக மா கரைத்து அடுப்பை மூட்டினா. முதல் ஈடு கொக்கிசில் பாதியை அத்தானே சாப்பிட்டார்.

தை பிறந்த பிறகு, அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பதற்கு முன் வீட்டைப் பார்க்க ஒரு பொலிஸ் சார்ஜன் வந்தார். மூதூர்க்காரர், தன்மையான மனிதர். பெட்டியையும் அலுமாரியையும் பார்த்துத் திருப்திப்பட்டார். இப்படி ஒழுங்காக வைத்திருக்கிற ஆட்கள் குறைவு என்றார். அவ்வளவு போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சார்ஜன் சொல்லியனுப்பியதாகக் குறிஞ்சாக்கேணியிலிருந்து துவக்கு வைத்திருக்கும் இரண்டு பேர் பார்த்துப் பழக வந்தார்கள். அத்தான் அவர்களைக் கதிரையில் இருத்தி, ஒரு பிரம்பால் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தினார்.

"துவக்கு ஒரு இடம், ரவை வேறை இடம். திறப்பு என்ர இடுப்பிலை. பெட்டியிலை வந்த ரவையை வெளியிலை எடுக்கக்கூடாது. ஈரம் படக்கூடாது. கழுவக் கூடவே கூடாது. கன பேருக்கு உது விளங்கிறதில்லை. முக்கியமா நெருப்புக்குக் கிட்டக் கொண்டு போகக்கூடாது."

வந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அக்கா குசினி வாசலுக்கு வந்து நின்றா.

"தேத்தண்ணி போடவேணும். இண்டைக்கெண்டாலும் அடுப்பை நீங்கள் மூட்டுறியளோ?"

அத்தான் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு வயலில் இறங்கும் பன்றிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.