பாகீரதி திருத்தாமல் விட்ட பதில்

கரமனை ஆற்றுக்கு அருகிலுள்ள அந்த டயாலிசிஸ் மையத்தில் பாகீரதி முதலில் வரவேற்பு மேசையில்தான் சேர்ந்தாள். நோயாளிகளின் விவரங்கள் கணினிக்கு மாறியபோது, பழுது பார்க்க எர்ணாகுளத்திலிருந்து ஆள் வர இரண்டு நாள் ஆயிற்று. அதனால் அவளே கற்றுக்கொண்டாள். மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவும்போது கணினி கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுதுவாள். அதன் பொருள் புரிந்த பிறகே பதில் கொடுப்பாள். பன்னிரண்டு வருடத்தில் நான்கு நோட்டுகள் நிரம்பின. மையத்தின் கணினிகள் எல்லாம் அவள் பொறுப்பாயின.

சென்ற ஜூனில் பெரிய பதிப்பு ஒன்று வந்தது. காலை ஷிப்டுக்கும் மதிய ஷிப்டுக்கும் இடையே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். மென்பொருள் நிறுவனம் பிரஜின் என்ற பொறியாளரை அனுப்பியிருந்தது. விவரங்கள் எந்தத் தரவுத்தளத்தில் இருக்கின்றன என்று கணினி கேட்டபோது பாகீரதி தொலைபேசியில் இருந்தாள். பதிலுக்கான கட்டத்தில் ஒரு பெயர் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. பிரஜின் எண்டரைத் தட்டினான். அவள் திரும்பியபோது நோயாளிகளின் பட்டியல் திறந்திருந்தது. எல்லாம் சரியாக முடிந்தது என்றான்.

மதிய ஷிப்டின் முதல் ஆள் நீலாம்பாள். வித்துராவிலிருந்து வாரம் மூன்று நாள், ஆறு வருடமாக வருகிறாள். நர்ஸ் பிஜி வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் மிகுதி நீர் வடிந்தபின் இருக்க வேண்டிய எடை ஒன்று உண்டு. வந்த எடையிலிருந்து அதைக் கழித்துத்தான் எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வார்கள். நீலாம்பாள் அன்று ஐம்பத்து மூன்றரை கிலோ. அவளுக்கு இருக்க வேண்டிய எடையாகத் திரையில் இருந்தது நாற்பத்தேழு. கையில் ஊசிகள் ஏறிவிட்டன.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிஜி மலையாளத்தில் கண்டிக்கும் குரல் கேட்டது. "அம்மே, ஆறரை லிட்டர் வெள்ளம் கூடிட்டுண்டு. இத்ரயும் குடிக்காமோ?"

"ஆறரை லிட்டரா? நான் என்ன பேப்பாறை அணையா மக்ளே?"

பாகீரதி பட்டியலைத் திரும்பப் பார்த்தாள். மதிய ஷிப்டில் முதல் பெயர் சேஷன். அவர் இறந்து மூன்று வருடமாகிறது. அடுத்த பெயருக்குரியவரும் இப்போது இல்லை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

"பிஜி, பம்பை ஓட விடாதே. யாருக்கும் ஆரம்பிக்காதே."

பிஜியின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. ஆறரை லிட்டர் எடுத்திருந்தால் ரத்த அழுத்தம் பாதியிலேயே விழுந்திருக்கும்.

என்ன மாற்றினாய் என்று பாகீரதி பிரஜினைக் கேட்டாள். "மேடம், ஞான் ஒண்ணும் மாத்தல. அது காட்டின பேருக்கு எண்டர் அடிச்சேன், அத்ரேயுள்ளூ," என்றான்.

அவன் சொன்னது உண்மை. ஐந்து வருடம் முன்பு கணினியின் வட்டு பழுதானபோது பாகீரதி விவரங்களைப் புதிய பெயருள்ள தரவுத்தளத்துக்கு மாற்றியிருந்தாள். நிரல் தினமும் படிக்கும் அமைப்புக் கோப்பில் அந்தப் பெயரைக் கையால் திருத்தவும் செய்தாள். ஆனால் முதல் முறை நிறுவியபோது கொடுத்த பதில்களை நிறுவும் நிரல் வேறொரு கோப்பில் தனியே நினைவில் வைத்திருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. சின்னப் பதிப்புகள் அதைத் தொடவில்லை. இந்தப் பெரிய பதிப்பு அந்தப் பழைய பதிலை எடுத்து அமைப்புக் கோப்பைப் புதிதாக எழுதி, அழிக்காமல் விட்டிருந்த பழைய பட்டியலைத் திறந்துவிட்டது.

கோப்பில் பெயரை மட்டும் மாற்றினால் இரண்டு நிமிடத்தில் தொடங்கலாம் என்றான் பிரஜின். வட்டு பழுதான அன்று அவள் செய்ததும் அதுதான். மாட்டேன் என்றாள். நிறுவும் நிரலின் பதிலைத் திருத்தினாள். இப்போதைய விவரங்களுக்கு ஒரு நகல் எடுத்த பிறகே அதன்மேல் புதிய பதிப்பை ஓட்டுவேன் என்றாள். நகலுக்குப் பதினொரு நிமிடம் பிடிக்கும்.

வெளியே பதின்மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்று பிஜி இரண்டு முறை வந்து சொன்னாள். மூன்றாவது முறை கதவிலேயே நின்று திரையை எட்டிப் பார்த்தாள். நகலின் சதவீத எண் அறுபத்து நான்கில் வெகுநேரம் நின்றது. பிரஜின் நகத்தைக் கடித்தான். பாகீரதி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நகல் முடிந்தது. நிறுவல் மறுபடி ஓடியது. பட்டியல் திறந்தது. சேஷன் இல்லை. நீலாம்பாளுக்கு நேரே ஐம்பத்தொன்று.

மூச்சு வாங்கியவரைத்தான் முதலில் ஏற்றினார்கள். பாகீரதி நீலாம்பாளின் கட்டிலுக்குப் போனாள்.

"மாமி, தப்பு என்னோடது. சேஷன் சார் பேரெல்லாம் இருக்கற பழைய பட்டியல் திறந்துடுச்சு. அஞ்சு வருஷமா இங்கேயே இருந்திருக்கு, நான் பாக்கலை."

நீலாம்பாள் ஊசி ஏறிய கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உன் பெட்டியில சேஷன் சார் இன்னும் உயிரோட இருக்காராக்கும்?"

"இருந்தார்."

"பெட்டிக்கு மறக்கும் மக்ளே. என் எடை எனக்கு மறக்காது. இனி ஊசி குத்துகதுக்கு முன்ன எங்கிட்டக் கேக்கணும்."

மறுநாள் டாக்டரிடம் தன் தவறை எழுதிக் கொடுத்த தாளிலேயே நீலாம்பாள் சொன்னதையும் பாகீரதி சேர்த்தாள். இப்போது அங்கே நோயாளி தனக்கு இருக்க வேண்டிய எடையைச் சொன்ன பிறகுதான் நர்ஸ் திரையைப் பார்க்கிறாள். நீலாம்பாள் மட்டும் யாரும் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உரக்கச் சொல்லிக்கொண்டு வருகிறாள்.