ஒரு புகார் வேண்டும், அவசரம்

எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையின் இரண்டாவது உலை பாதி கட்டிய நிலையில் நின்றுபோனதற்குக் காரணம், எங்கள் மேல் யாரும் புகார் சொல்லாததுதான்.

தொழிற்சாலை அய்யம்பாளையம் பக்கம். தேன், ஊறுகாய், ஜூஸ் பாட்டில்கள் செய்கிறோம். கொடைக்கானல் மலையில் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது என்றானதும் ஆர்டர் குவிந்தது. முதலாளி இரண்டாவது உலை போடக் கடன் கேட்டார். கடன் கொடுத்த வங்கி புகை, தண்ணீர், சத்தம் என்று வரிசையாக நிபந்தனைகள் போட்டது. அதில் ஒன்று, உருக்குவதற்கான உடைகண்ணாடியில் ஒரு பங்கை மலையிலிருந்தே சேகரிக்க வேண்டும் என்பது. அது சேர்ந்தால் உலைக்கு எரிபொருள் குறையும், காட்டில் பாட்டிலும் குறையும். அதற்காக மலைமேல் பண்ணைக்காட்டில் காலி பாட்டில்களைச் சேர்த்து நிறம் பிரிக்கும் ஒரு யார்டு திறந்தோம்.

கணக்குப் பிரிவில் இருந்த என்னை முதலாளி ஒரே நாளில் சுற்றுச்சூழல் அலுவலராக்கினார். “ஆபீஸ்ல புத்தகமும் கையுமா இருக்குறது நீங்க ஒருத்தர்தான். மரம், செடி பத்தியெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்” என்றார். அன்று என் கையில் இருந்தது ஒரு துப்பறியும் நாவல். அதில் ஒரு மரம் வந்தது. பிணம் அதன் அடியில் கிடந்தது.

ஒன்று: பெட்டி

யார்டில் பாட்டில் விழும் சத்தம் கேட்கக் கூடாதென்று தொட்டிகளுக்குள் ரப்பர் ஷீட் ஒட்டினேன். வங்கி சொன்னபடி வாசலில் புகார்ப் பெட்டி வைத்தேன். பெட்டியை யாரும் தூக்கிப் போய்விடக் கூடாதே என்று அதற்கு நேர் மேலே ஒரு கேமராவும் மாட்டினேன்.

வங்கியிலிருந்து நித்யா மேடம் ஆய்வுக்கு வந்தார்.

“எத்தனை புகார் சார் வந்திருக்கு?”

“ஒண்ணுகூட இல்லீங்க மேடம்.” பையன் நூற்றுக்கு நூறு வாங்கிய அப்பாவின் முகத்தோடு சொன்னேன்.

“இவ்வளவு கண்ணாடி, இவ்வளவு லாரி, சுத்தி வீடு. ஒருத்தருக்குமா ஒண்ணும் தோணல? அப்போ பெட்டி வேலை செய்யலன்னுதான் நான் எழுதணும். அதைச் சரிபண்ணுங்க, அப்புறம் கடனோட அடுத்த தவணையப் பார்ப்போம்.”

முதலாளி போனில் வந்தார். “ஊர்ல அவனவன் புகாரு வரக்கூடாதுன்னு கும்புடுறான். ஒரே ஒரு புகாரு வாங்க உங்களால ஆகலையா?”

“நாம நல்லபடியா நடந்துக்கிட்டோம் சார், அதான்...”

“அவ்வளவு நல்லவரா இருக்கச் சொல்லி யாருங்க உங்களுக்குச் சொன்னது? கொத்தனாரு சும்மா உக்காந்திருக்காரு, உலை வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.”

இரண்டு: வேட்டை

முதலில் கொடைக்கானல் பஜாருக்குப் போனேன். காதர் பாய் எங்கள் பாட்டிலில்தான் தேன் விற்கிறார்.

“பாய், எங்க கம்பெனி மேல ஏதாச்சும் ஒரு குறை எழுதிக் குடுங்களேன்.”

“குறையில்லாத பாட்டிலுன்னு சொல்லித்தானே நான் தேன் விக்கிறேன்? குறைன்னு கையெழுத்தும் போட்டுட்டு நாளைக்கு எதுல ஊத்துறது, உங்க சட்டைப் பையிலயா?” என்றவர், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

யார்டுக்குப் பின்னால் வாழை போட்டிருக்கும் சுப்பையாவிடம் கேட்டேன். அவரிடம் புகாருக்குப் பஞ்சமில்லை. பஸ் நேரத்துக்கு வருவதில்லை, போனில் சிக்னல் இல்லை.

“காட்டுமாடு விடியுறதுக்குள்ள வந்து வாழைய மேயப் பாக்குதுங்க, தெனமும் வெரட்டியே மாளல. அதை எழுதிக்கிறீகளா?”

“அது எங்க கம்பெனி மாடு இல்லீங்களே.”

“அப்ப உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க” என்று கைவிரித்தார்.

எதிர்வீட்டு ராஜாத்தி சுற்றுலாக்காரர்களுக்கு இரண்டு அறை வாடகைக்கு விடுகிறாள். அவள் கணவன் முருகன் வட்டக்கானல் விடுதிகளிலிருந்து எங்களுக்கு ஜீப்பில் காலி பாட்டில் ஏற்றி வருபவன். அவளிடமும் கேட்டேன். வாயைத் திறந்தாள். முருகனைப் பார்த்தாள். “அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே” என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மூன்று: இட்லி

மேடம் மறுபடி வந்தது சீசன் நேரம். கொடைக்கானலில் அறை கிடைக்காமல் ராஜாத்தி வீட்டில் தங்கினார்.

டூரிஸ்ட் வண்டிகள் மலையேறுவதற்குள் எங்கள் லாரி கீழே இறங்கிவிட வேண்டும். அதனால் விடியும் முன்பே, வெள்ளனே லோடு ஏற்றுவோம். வெள்ளைக் கண்ணாடியில் கொஞ்சம் பச்சை கலந்தாலும் உலையில் நிறம் கெட்டுவிடும் என்பதால் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். லாரி கிளம்பியதும், முகம் கழுவிக்கொண்டு மேடத்தைப் பார்க்கப் போனேன். அவர் சிவந்த கண்களோடு இட்லி முன் உட்கார்ந்திருந்தார்.

“நல்லாத் தூங்குனீங்களா மேடம்?”

அவர் ராஜாத்தி பக்கம் திரும்பி, “காலையில கத்துனது இவரா?” என்றார்.

சட்னி வாளியோடு நின்ற ராஜாத்திக்கு அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. “இவரேதாங்க மேடம். தெனமும் இதே கூத்து. ‘ஏலே, பச்சைய வெள்ளையில கொட்டாத! வெரசா, வெரசா!’ன்னு. பாட்டில் சத்தத்துக்கு ரப்பர் ஒட்டுனாரு, நல்லாத்தான் இருக்கு. இவரு வாய்க்கு எந்த ரப்பர ஒட்டுறது? அமைதியான இடம்னு போர்டு போட்டு ரூம் விடுறேன். வர்றவுக ஒரே ராத்திரியில பொட்டியக் கட்டிருறாக. ரூம் வாடகைய நம்பித்தானே வீட்டுக் கடனே கட்டுறோம்?”

“இத அந்தப் பெட்டியில போட்டிருக்கலாமேம்மா?”

“மேல கேமராவ வெச்சுக்கிட்டு உள்ள போடுன்னா எப்படிங்க? எங்க வீட்டுக்காரருக்கு ஜீப் ஓட்டம் நின்னுருமோன்னு பயம் வேற.”

வாசலில் முருகன் தரையைப் பார்த்தபடி நின்றான். எனக்கு இட்லி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

மேடம் அங்கேயே முதலாளிக்கு போன் போட்டார். புகார் சொன்னதற்காக முருகனின் ஜீப் வேலைக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று எழுத்தில் வாங்கினார். பிறகு தன் அறிக்கையில் எழுதினார்: ‘இரைச்சலின் மூலம்: சுற்றுச்சூழல் அலுவலர்.’

கேமரா இறங்கியது. பெட்டி பஸ் ஸ்டாப்புக்குப் போனது. நான் வாயை மூடிக்கொண்டு சிவப்பு, பச்சைத் துணிகளை ஆட்டி லோடு ஏற்றப் பழகினேன். ராஜாத்தி வீட்டில் ஆட்கள் இரண்டு ராத்திரி, மூன்று ராத்திரி தங்கத் தொடங்கினார்கள். தவணை வந்தது, உலை எழுந்தது. “இம்புட்டு நாள் வெட்டியாக் கத்துன வாய் ஒருவழியா கடன் வாங்கிக் குடுத்திருச்சு” என்றார் முதலாளி. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புகார் இல்லை என்றால் பெருமைப்படாதீர்கள். சொன்னால் யாருக்கு என்ன போய்விடும் என்று முதலில் பாருங்கள். கருவியை எடுத்துச் சத்தத்தை அளக்கும்போது நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

பஸ் ஸ்டாப் பெட்டியில் விழுந்த முதல் புகார் சுப்பையாவுடையது. ‘சார் போடும் சத்தத்தில்தான் வெள்ளனே எழுந்து தோட்டத்துக்குப் போவேன். இப்போது சத்தம் இல்லை. எனக்கு முன்னால் காட்டுமாடு தோட்டத்துக்குள் போய்விடுகிறது. ஆவன செய்யவும்.’

அது எங்கள் கம்பெனி மாடு இல்லை என்று இனி நான் சொல்ல முடியாது.