டைட்டானியம் சைக்கிளும் தறி எண்ணெயும்

என் கல்யாண வளையல் ஆறையும் கொடுத்துவிட்டு ஒரு சைக்கிள் வாங்கினேன். இதைக் கேள்விப்பட்டதும் தெருவில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள், மீதிப் பேர் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். நான் சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். வயது நாற்பத்தாறு. சிரிப்புக்குப் பயப்படுகிற ஆளாக இருந்தால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிற இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

சாதாரண சைக்கிள் இல்லை அது. டைட்டானியம் ஃபிரேம், முன்னால் ஒரு சஸ்பென்ஷன், பின்னால் ஒரு சஸ்பென்ஷன். பாறைகள் மேல் ஓட்டிக்கொண்டே மலையிறங்குவதற்கென்று செய்தது. ராத்திரி சாப்பிட்ட பிறகு போனில் யாரோ எங்கோ இப்படி இறங்குவதை வீடியோவில் பார்த்துப் பார்த்து இரண்டு வருஷம் ஏங்கினேன். வளையல்கள் பீரோவுக்குள் சும்மாதானே கிடக்கின்றன என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றிய பிறகு என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை.

பெட்டியை எங்கள் தறிக்கூடத்தில் வைத்துத்தான் பிரித்தோம். வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறி ஓடுகிற கூடம் அது. காட்டன் சேலை நெய்கிறோம். அதன் முதலாளி, மெக்கானிக், கணக்கப்பிள்ளை எல்லாம் என் கணவர்தான். திருகாணி முடுக்குகிற ஆலன் கீயை என் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு அவரே மாட்டத் தொடங்கினார். ஃபிரேமின் பற்றவைப்பை விரலால் தடவிப் பார்த்தார். மீன் செதில் அடுக்கினது மாதிரி வரிவரியாக இருந்தது. "இதைப் பத்த வச்சவன் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிடணும்" என்றார். எனக்கு அப்போது வந்த பூரிப்பு இருக்கிறதே, வளையல் போட்டுக்கொண்டு கல்யாண மேடையில் உட்கார்ந்திருந்தபோதுகூட அப்படி வரவில்லை. உண்மையைத்தான் சொல்கிறேன்.

டைட்டானியத்துக்குப் பெயிண்ட் தேவையில்லை. துருப்பிடிக்காது, வெறும் சாம்பல் நிறத்தில் அப்படியே இருக்கும். இது எங்கள் தெரு டீக்கடைக்காரருக்குப் புரியவில்லை. "டீச்சர், பெயிண்ட் அடிக்கதுக்குள்ள அவசரப்பட்டு வாங்கிட்டியளோ?" என்று கேட்டார். தினமும் கேட்டார்.

பின் சஸ்பென்ஷனுக்குள் காற்று அடைக்க வேண்டும். ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்த மாதிரி அடைக்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள தொந்தரவு. இருபத்திரண்டு வருஷமாகக் கணவரிடம் மறைத்து வைத்திருந்த ஒரே ரகசியம் அன்று தறிக்கூடத்தில் வெளியானது. அவர் பம்பை இன்னும் நாலு அடி கூடுதலாக அடித்தார். டயருக்குள் டியூப் கிடையாது, பால் மாதிரி ஒரு திரவம் இருக்கும். முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். எங்கள் பக்கத்துக் கருவேல முள்ளைப் பார்த்துப் பயப்படாத டயரை முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

அவருக்குச் சைக்கிள் மேல் கோபம் இல்லை. பயம் என் எலும்பு மேல்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்கு நீளம் தாண்டுவதைச் செய்து காட்டப்போய்க் காலர் எலும்பை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. அந்த ஆறு வாரமும் எனக்குத் தலை பின்னிவிட்டவர் அவர்தான். நூலில் அறுந்த இழையை ஒரு நொடியில் முடிச்சுப் போடுகிற விரல்களுக்கு என் சடை மட்டும் வசப்படவே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. பின்னும்போது அவர் பேசவே மாட்டார்.

அதனால் சைக்கிள் வந்து மூன்றாம் நாளே ஒரு ஒப்பந்தம் போட்டார். "ஒரு நாள் நான் நேர்ல வந்து பாக்கேன். அன்னைக்கு நீ கீழ விழுந்தேன்னு வையி, அன்னைக்கே வித்துருவோம். விழலைன்னா ஆயுசுக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன். சரியாட்டி?"

சரி என்றேன். ஆனால் அந்த நாளை நாலு மாதம் தள்ளிப் போட்டேன். காரணம் ஒரு பாறை.

பனவடலிசத்திரம் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கரடு இருக்கிறது. மரமில்லாத மொட்டைக் குன்று. ஆடு ஏறி இறங்கிய தடம் ஒன்று உச்சியில் இருந்து அடிவாரத்துக் கண்மாய்க்கரை வரை வளைந்து வளைந்து வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளிலேயே அங்கே போய்விடுவேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே ஏறி, ஒரு பட்டனை அழுத்தி சீட்டை இறக்கிவிட்டு, எழுந்து நின்றபடி இறங்குவேன். சக்கரம் கல்லில் ஏறும், குழியில் விழும், என் உடம்புக்கு மட்டும் ஒன்றுமே தெரியாது. தொண்டையில் இருந்து தானாக ஒரு கூச்சல் கிளம்பும். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பிள்ளை கத்தினால் நானே வெளியே நிற்க வைத்துவிடுவேன்.

பாதி வழியில் அந்தப் பாறை. தடத்துக்குக் குறுக்கே சாய்ந்து, என் இடுப்பு உயரத்துக்குச் சட்டென்று முடிந்துவிடும். நாலு மாதமாக அதன் விளிம்பு வரை வருவேன், இரண்டு பிரேக்கையும் பிடிப்பேன், இறங்கிவிடுவேன். சைக்கிளைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வேன். அங்கே ஆடு மேய்க்கிற அண்ணாச்சி ஒருவர் இதை வாராவாரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் இல்லியா?" என்று மட்டும் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு சிக்கல். சக்கரத்தின் நடுவில் ஒரு இரும்புத் தட்டைக் கட்டைகள் கவ்வி நிறுத்துகிற டிஸ்க் பிரேக் அது, தண்ணீரோ தூசியோ பட்டால் கீச்சென்று கத்தும். என் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போது கத்துகிற கத்தலில் நாய்கள் எழுந்து உட்காரும். என் கணவருக்கு அது பொறுக்கவில்லை. தறிக்காரர் காது அது. எட்டுத் தறி ஓடுகிற இரைச்சலில் மூன்றாம் தறியில் எந்த பேரிங் காய்ந்திருக்கிறது என்று கூடத்து வாசலில் நின்றே சொல்லிவிடுவார். திங்கள்கிழமை விடிந்ததும் எண்ணெய்க் குடுவையை எடுத்துக்கொண்டு தறிதறியாகப் போவது அவருடைய வழக்கம். சத்தம் வந்தால் எண்ணெய். அவருக்கு இயந்திர சாஸ்திரம் அங்கேதான் தொடங்கும்.

"பச்சப்புள்ள அழுத மாதிரி இருக்கே, உனக்குக் கேக்கலியா?" என்பார்.

"அது அப்படித்தான் கத்தும்" என்பேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கார்த்திகை மழை விட்டு கண்மாயில் தண்ணீர் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இனி தள்ளிப்போட வழியில்லை. சேலைக் கட்டுகளை ஏற்றுகிற லோடு ஆட்டோவில் சைக்கிளைப் படுக்கப் போட்டோம். கியர் அடிபடக் கூடாது என்று, கியர் இருக்கிற வலது பக்கம் மேலே இருக்கும்படி போடச் சொன்னது நான்தான். வழியெல்லாம் ஆட்டோ குலுங்கிக்கொண்டே போனது. அவர் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்ததற்குக் காரணம் எனக்கு அப்போது தெரியாது.

அவரை அடிவாரத்தில் ஆட்டுக்கார அண்ணாச்சியோடு நிறுத்திவிட்டு நான் மட்டும் தள்ளிக்கொண்டு ஏறினேன். உச்சியில் ஹெல்மெட்டை இறுக்கி, நின்றபடியே பிரேக் பிடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். எப்போதும் போலக் கெட்டியாகத்தான் இருந்தது. கீழே இரண்டு பேரும் இரண்டு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தார்கள். பாறை வரை போவது, இறங்குவது, தூக்கி வைப்பது, மறுபடி ஏறுவது, விழாமல் போய்ச் சேருவது. இதுதான் என் திட்டம். வீரம் காட்டுகிற எண்ணமே இல்லை.

முதல் வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. இன்னும் அழுத்தினேன், விரல் வலித்ததுதான் மிச்சம். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது வளைவை எப்படித் திருப்பினேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. குதித்துவிடலாமா என்று நினைத்தேன். குதித்தால் விழுந்ததாகிவிடும், விழுந்தால் சைக்கிள் போய்விடும் என்றுதான் அந்த நேரத்திலும் மூளைக்குத் தோன்றியது. எலும்பைப் பற்றி அது யோசிக்கவே இல்லை!

பாறை வந்துவிட்டது. நாலு மாதமாக நான் நின்ற விளிம்பு. வீடியோவில் நூறு தடவை கேட்டது ஞாபகம் வந்தது: இடுப்பைப் பின்னால் தள்ளு, கையைத் தளர்த்து, தூரமாகப் பார். செய்தேன். கீழே தரை இல்லை. ஒரு கணம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் பின் சஸ்பென்ஷன் தம் பிடித்து உட்கார்ந்து எழுந்தது, முன் சக்கரம் தடத்தைக் கவ்வியது, நான் இன்னும் சைக்கிள் மேல்தான் இருந்தேன். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! பயத்தில் செத்துக்கொண்டும் இருந்தேன், ஓவென்று சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

கீழே ஆடுகள். "விலகு! விலகு!" என்று மைதானத்துக் குரலில் கத்தினேன். ஆடுகள் இரண்டு பக்கமும் தெறித்து வழி விட்டன. என் கணவரின் திறந்த வாய் ஒரு பக்கம் கடந்து போனது. கரையில் ஏறி, இறங்கி, நேராகக் கண்மாய்க்குள் போனேன். சகதியில் சக்கரம் பாதி புதைந்து சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. தண்ணீரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏட்டி! ஏட்டி!" என்று வேட்டியோடு தண்ணீருக்குள் ஓடி வந்தார். வந்ததும் முதலில் என் இரண்டு காலர் எலும்பையும் தொட்டுப் பார்த்தார். முழுசாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் சிரிப்பு வந்தது. "பறந்துட்டியேட்டி! பிரேக்கே பிடிக்காம அந்தப் பாறையில இருந்து... எங்கிருந்துட்டி உனக்கு இவ்வளவு தைரியம்?"

"பிடிச்சேன். ரெண்டு கையாலயும் பிடிச்சேன்."

அப்போதுதான் பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றித் தண்ணீரில் வண்ண வண்ணமாக எண்ணெய் படர்ந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவர் சட்டையில் நான் துவைத்த தறி எண்ணெய் வாசனை.

"எண்ணெய் விட்டியளா?"

"பேரிங்குக்குத்தான். காலையில, ரெண்டு சக்கரத்துக்கும். ரெண்டு சொட்டு." தறிக்காரரின் இரண்டு சொட்டு என்றால் அரைக் குடுவை. "சத்தம் பேரிங்குல இருந்துதான் வருதுன்னு... பிரேக்குல படவே இல்லட்டி. நான் பாத்துத்தான் விட்டேன்."

பாத்துத்தான் விட்டிருப்பார். ஆனால் டிஸ்க் இருப்பது இடது பக்கம். அந்தப் பக்கத்தைக் கீழே போட்டு இருபது கிலோமீட்டர் குலுக்கிக்கொண்டு வந்தோம். அத்தனையும் டிஸ்க்கில் இறங்கிவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது. அப்படியே தண்ணீரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உன்னைக் கொன்னுருப்பேனே" என்றார்.

திட்டுவதற்கு என் வாயில் ஒரு மூட்டை இருந்தது. நான் சும்மா விடுகிற ஆளும் இல்லை. ஆனால் அவர் சக்கரத்தைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பேசாமல் தலை பின்னிவிட்ட அதே கை. "படுக்கப் போடச் சொன்னது நான்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுந்து, "வித்துருவோம். நீ விழுந்துட்ட" என்றார்.

"விழல. இறங்கினேன்."

"தண்ணிக்குள்ளயா?"

"ஆமா. எனக்கு அங்கனதான் இறங்கணும்னு தோணுச்சு."

கரையில் ஆட்டுக்கார அண்ணாச்சி ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். என் கணவர் அவரைப் பார்த்து, "வே, நீரு சொல்லும். விழுந்தாளா, இறங்கினாளா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி அவசரப்படவில்லை. சகதியில் நட்டுவைத்த மாதிரி நிமிர்ந்து நின்ற சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சைக்கிள் நிக்குல்லா? அது நிக்கும்போது இவிய விழுந்தாவன்னு எப்படிச் சொல்ல?" என்றார்.

சைக்கிள் தப்பியது.

பிரேக்குக்குப் புதுக் கட்டைகள் வரவழைத்தோம். டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டு அவரே துடைத்தார், மூன்று தடவை. அதன் பிறகு முன்னைவிடப் பலமாகக் கத்தியது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அந்தப் பாறைக்குப் போய், நல்ல பிரேக் கையில் இருந்தும், இல்லை, இருந்ததால்தான் போலிருக்கிறது, முதல் வாரம் இறங்கித்தான் தூக்கி வைத்தேன். இரண்டாம் வாரம் பிரேக்கில் இருந்து விரலை எடுத்துவிட்டுத் தாண்டினேன்.

தை மாதக் கடைசியில் பிரேக் கட்டைகள் தேய்ந்து டிஸ்க்கோடு பழகிவிட்டன. ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு, தெருமுனையில் சத்தமே இல்லாமல் திரும்பினேன். தறிக்கூடத்தில் எட்டுத் தறியும் நின்றிருந்தது. அவர் கையில் எண்ணெய்க் குடுவையோடு நடுத் தெருவில் நின்றுகொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்த பிறகும் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏட்டி, ஏன் சத்தம் வரல?"

"சரியாயிட்டு. இனி கத்தாது."

"அது கத்தலைன்னா நீ வந்தது எனக்கு எப்படிட்டி தெரியும்?" என்று கோபப்பட்டார்.

மறுநாள் கடைத்தெருவில் பழைய மாதிரி கிண்ணம் போன்ற இரும்பு மணி ஒன்று வாங்கி வந்து டைட்டானியம் சைக்கிளில் மாட்டிவிட்டார். கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை. டீக்கடைக்காரருக்கு இப்போது அதுதான் சிரிப்பு. தெருமுனை வந்ததும் அதை இரண்டு தடவை அடிப்பேன். உள்ளே எட்டுத் தறியில் அவர் கைக்கு எட்டுகிற ஒன்று நிற்கும். அப்புறம் மறுபடி ஓடத் தொடங்கும்.