பெஞ்சில் இருந்த இடம்

ஜூலை 8, செவ்வாய், மாலை 5.40. காற்றே இல்லாத புழுக்கம். தாம்பரத்தில் ஒரு மாடியில் நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் எனக்கு அது நான்காம் நாள். பதினோரு பேரில் எழுபதைத் தாண்டியவன் நான் மட்டும்தான்.

அளவுக்கு மீறியதற்கு ‘டூ’, போதுமானதற்கு ‘எனஃப்’. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார் ஆசிரியை.

என் பெஞ்சில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். மீன் விற்றுவிட்டு நேராக வகுப்புக்கு வருபவர். நான் எழுந்து, “ஃபிஷ் ஸ்மெல் இஸ் டூ ஸ்ட்ராங்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அஞ்சலையும் சிரித்தார். தன் முறை வந்ததும், “பெஞ்ச் இஸ் பிக் எனஃப், சார்” என்று சொல்லிவிட்டு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று வகுப்புகளுக்கு அவர் வரவில்லை. மறுநாள் முடிச்சூர் சாலையில் அவர் மீன் கடையைத் தேடிப் போனேன்.

“என்னாலதானேம்மா வரல?”

“அட, வுடு சார். பொண்ணு ஸ்கூல் மீட்டிங்ல ரெண்டு வார்த்தை பேசலாம்னு சேர்ந்தேன். வூட்டுக்குப் போய் குளிச்சிட்டு வர்றதுக்கு டைம் பத்தல, அவ்ளோதான்.”

முதல் நான்கு நாளும் அவர் குளிக்காமல்தான் வந்தார். மன்னிப்புக் கேட்க எனக்கு எந்த மொழியிலும் வாய் வரவில்லை.

“இன்னா சார் வேணும்?”

நான் மீன் சாப்பிடுவதில்லை. சங்கரா அரைக் கிலோ வாங்கினேன். இருநூற்று இருபது ரூபாய்.